முதுகுத்தண்டு ஆபரேஷனுக்கு எந்த பாட்டில்? ஒரு தியேட்டர் சிஸ்டர் எழுதிய இண்டென்ட் (வாங்க வேண்டிய பொருள் பட்டியல்)

எங்கள் மருத்துவமனை சேலம் அஸ்தம்பட்டியைத் தாண்டி, ஏற்காடு போகிற சாலையில் இருக்கிறது. ஐம்பது படுக்கை. கை கால் முறிவு, குடலிறக்கம், பிரசவம் என்று ஓடிக்கொண்டிருந்த தியேட்டரில் போன வருடத்திலிருந்து முதுகுத்தண்டு ஆபரேஷனும் சேர்ந்துகொண்டது. வாரத்தில் ஒரு நாள் கோயம்புத்தூரிலிருந்து சர்ஜன் வருகிறார். வருகிற நோயாளிகள் பெரும்பாலும் இரண்டு வகை. மிளகுப் பருவத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து ஏறி, தவறி விழுந்து முதுகெலும்பு நொறுங்கி மலையிலிருந்து இறக்கப்படுகிறவர்கள் ஒரு வகை. அம்மாப்பேட்டைத் தறியிலும் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையிலும் வருடக்கணக்கில் குனிந்தே உட்கார்ந்து, டிஸ்க் பிதுங்கி, கால் மரத்துப்போய் வருகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு ஸ்க்ரூவும் ராடும் போட வேண்டும். இரண்டாவது வகையில் பலருக்கு எலும்பைக் கொஞ்சம் செதுக்கி டிஸ்க்கை எடுத்தால் போதும்.

மூன்று மாதம் முன்பு பெரிய டாக்டர் கூப்பிட்டார். "சிஸ்டர், ஸ்பைன் கேஸுக்கு ஆளாளுக்கு ஒரு ஆன்டிசெப்டிக் கேட்கறாங்க. எது பெஸ்ட்டுன்னு பார்த்து ஒண்ணே ஒண்ணு எழுதிக் கொடுங்க. மொத்தமா வாங்கிடலாம்." அவர் சொன்னது உண்மைதான். கோவை சர்ஜனுக்குக் குளோர்ஹெக்சிடின் வேண்டும். மயக்க மருந்து டாக்டருக்குப் பழைய பெட்டாடின்தான், அதாவது பொவிடோன் அயோடின்தான், நம்பிக்கை. எங்களிடம் பல வருடமாக இருக்கும் அசிஸ்டெண்ட், தையல் போடும் முன் பெராக்சைடு ஊற்றி நுரை பொங்குவதைப் பார்க்காவிட்டால் திருப்தியாக மாட்டார். மூன்று பேரும் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது, பெராக்சைடு நீங்கலாக. அதற்குப் பிறகு வருகிறேன்.

'ஒண்ணே ஒண்ணு' என்பதுதான் எனக்குச் சிக்கலாக இருந்தது. முதுகுத்தண்டு ஆபரேஷனில் ஆன்டிசெப்டிக் இரண்டு இடத்தில் வேலை செய்கிறது. கத்தி வைப்பதற்கு முன் தோல் மேல் ஒரு முறை. உள்ளே வேலை நடக்கும்போது திறந்த காயத்துக்குள் ஒரு முறை. தோலுக்கு நல்லது உள்ளே விஷமாகலாம். உள்ளே பாதுகாப்பானது தோலில் நோஞ்சானாக இருக்கலாம். எந்த பாட்டில் உசத்தி என்று பேசுகிற பலர் இந்த இரண்டு கேள்வியையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். நான் முதலில் செய்தது அவற்றைப் பிரித்ததுதான்.

அதற்கு முன் ஒரு விஷயம். முதுகுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலை? வெட்டு ஆழமாகப் போகிறது. இரண்டு பக்கமும் சதையை எலும்பிலிருந்து உரித்து, விரித்துப் பிடிக்கும் கருவியால் மணிக்கணக்கில் அழுத்தி வைக்கிறோம். அந்தச் சதைக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. அதன் நடுவில் உலோகத்தை வைக்கிறோம். உலோகத்தின் மேல் கிருமி படிந்து மெல்லிய பாசிபோல ஒரு படலம் கட்டிவிட்டால், பிறகு ஊசி மருந்து எவ்வளவு ஏற்றினாலும் உள்ளே இறங்காது. இடுப்புக்குக் கீழே வெட்டு இருந்தால் மலவாய் பக்கம், ஈ.கோலை மாதிரிக் கிருமி வர வாய்ப்பு. மேல் முதுகிலும் தோள்பட்டையிலும் எண்ணெய்ச் சுரப்பிக்குள் குடியிருக்கும் முகப்பருக் கிருமி, மெதுவாக மாதங்கள் கழித்துத் தலைகாட்டும். அதிகம் சிக்குவது என்னவோ தோலிலும் மூக்கிலும் சாதாரணமாக இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்தான். இவை எல்லாவற்றுக்கும் அடியில் தண்டுவடமும் அதைப் போர்த்திய டூரா உறையும். அந்த உறையில் சிறு கிழிசல் விழுந்தாலும் நாம் ஊற்றுவது நேராக நரம்பைத் தொடும்.

தோலுக்கு

கடைக்காரர்கள் காட்டும் முதல் சான்று 2010-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு. 849 நோயாளிகள். ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் தடவியவர்களில் 9.5 சதவீதம் பேருக்குக் காயத்தொற்று; பொவிடோன் அயோடின் தடவியவர்களில் 16.1 சதவீதம். இதைப் பார்த்துத்தான் உலகம் முழுக்கக் குளோர்ஹெக்சிடின் பக்கம் சாய்ந்தது. ஆனால் அந்தப் போட்டி சமமில்லை. குளோர்ஹெக்சிடினுக்குத் துணையாக ஆல்கஹால் இருந்தது. அயோடினைத் தண்ணீரில் கரைத்துக் களத்தில் இறக்கினார்கள். கூட ஓர் ஆளை வைத்துக்கொண்டு கபடி ஆடின மாதிரி. ஜெயித்தது குளோர்ஹெக்சிடினா, ஆல்கஹாலா என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

இரண்டு பக்கமும் ஆல்கஹால் வைத்து ஆடிய ஆட்டங்கள் பின்னால் வந்தன. சுவிட்சர்லாந்தில் மூன்று மருத்துவமனைகளில் இதய, வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 3360 பேரை வைத்து 2024-ல் வந்த ஆய்வில் அயோடின்-ஆல்கஹாலுக்கு 5.1 சதவீதம், குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹாலுக்கு 5.5 சதவீதம், வித்தியாசமே இல்லை எனலாம். அதே வருடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் கை கால் எலும்பு முறிவுக்கு நடந்த பெரிய ஆய்வில், தோல் கிழியாத முறிவு 6785 பேரில் அயோடின் பக்கம் 2.4, குளோர்ஹெக்சிடின் பக்கம் 3.3 சதவீதம். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்த 1700 பேரில் 6.5-ம் 7.3-ம். உலோகம் வைக்கிற ஆபரேஷன்கள் என்பதால் நமக்கு இது இன்னும் நெருக்கம். முதுகுத்தண்டுக்கென்றே பார்த்தால் 2012-ல் இடுப்பு முதுகெலும்பு ஆபரேஷன் 100 பேருக்குத் தோலில் கல்ச்சர் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். இரண்டு மருந்துக்கும் மிஞ்சிய கிருமியில் வேறுபாடு தெரியவில்லை.

எதிர்ப் பக்கத்துச் சான்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 5788 பேரிடம் நடந்து 2021-ல் லான்செட்டில் வந்த வயிற்று ஆபரேஷன் ஆய்வில், ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினும் சாதாரணத் தண்ணீர்ப் பெட்டாடினும் சமமாகவே நின்றன. நம் ஊர் மாதிரி தியேட்டர்களில் நடந்தது அது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினைத்தான் பரிந்துரைக்கிறது. இவ்வளவையும் படித்தபின் நான் வந்து நின்ற இடம்: தோலுக்கு ஆல்கஹால் இருக்க வேண்டும், கூட இருப்பது அயோடினா குளோர்ஹெக்சிடினா என்பதற்காக யாரும் சண்டை போட வேண்டியதில்லை. எங்கள் மொத்த மருந்துக்கடையில் குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹால் எப்போதும் கையிருப்பு இருக்கிறது, சர்ஜனும் அதையே கேட்கிறார். அதனால் தோலுக்கு அது.

ஆனால் லேபிளைப் படிக்காமல் வாங்கினால் ஏமாறுவோம். நம் சந்தையில் ஆல்கஹால் கலந்து நீல நிறத்தில் வருகிற பல பாட்டில்களில் 'குளோர்ஹெக்சிடின் குளுக்கோனேட் கரைசல் 2.5 சதவீதம்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். ஆய்வுகளில் சொன்ன 2 சதவீதத்தைவிட இது கூடுதல்போலத் தெரியும். கீழே பொடி எழுத்தில் பார்த்தால் 'குளோர்ஹெக்சிடின் குளுக்கோனேட் 0.5 சதவீதத்துக்குச் சமம்' என்றிருக்கும். 20 சதவீதக் கரைசலை 2.5 பங்கு கலந்தால் கிடைப்பது 0.5 சதவீதம்தான். அது கை தேய்த்துக்கொள்ளும் மருந்து. கை மென்மையாக இருக்கப் பிசுபிசுப்பான பொருளும் சேர்த்திருப்பார்கள். அவசரத்தில் அதையே முதுகில் தடவுகிற பழக்கத்தை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தியேட்டரில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது தீ. ஆல்கஹால் மருந்து முழுதாகக் காயும் முன் காட்டரி, அதாவது ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் கருவி, பக்கத்தில் போனால் பற்றிக்கொள்ளும். நோயாளி குப்புறப் படுத்திருக்கிறார். முதுகின் நடுவில் வாய்க்கால்போல ஒரு பள்ளம். அதில் ஊற்றினால் வழிந்து பிட்ட இடுக்கிலும் விலாவுக்கு அடியில் விரித்த துணியிலும் தேங்கும். தோல் காய்ந்துவிட்டதாகத் தெரிந்தாலும் துணி ஈரமாகவே இருக்கும். குறைந்தது மூன்று நிமிடம் காத்திருப்பது, இடுக்கில் வைத்த பஞ்சை டிரேப் (நோயாளியைப் போர்த்தும் ஸ்டெரைல் துணி) போடும் முன் எடுத்துவிடுவது, நனைந்த துணியை மாற்றுவது என்று மூன்றையும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஏப்ரல் வெயிலில் வெளியே எல்லாம் சீக்கிரம் காயும் என்று நினைப்போம். தியேட்டருக்குள் ஏசி, ஸ்பிரிட் அவ்வளவு அவசரப்படாது.

சலவைக்காரர் தரப்பிலிருந்தும் ஒரு வழக்கு உண்டு. குளோர்ஹெக்சிடின் பட்ட துணியைப் பிளீச்சிங் போட்டு வெளுத்தால் பழுப்புக் கறை நிரந்தரமாக ஏறிவிடும். புது டிரேப் பத்து பாழான பிறகுதான் காரணம் புரிந்தது. இப்போது அந்தத் துணிகளுக்குத் தனிப் பை.

அயோடின் வேண்டாம் என்று சொல்லும் நோயாளிகளும் வருகிறார்கள். "எனக்கு இறால், நண்டு ஒத்துக்காதுங்க சிஸ்டர், அதனால பெட்டாடின் போடாதீங்க." நர்சுகளே சிலர் இதைக் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதிவைப்பார்கள். இறாலில் ஒவ்வாமை தருவது அதிலுள்ள ஒரு புரதம், அயோடின் இல்லை. முன்பு பெட்டாடின் பட்டே தடித்து வீங்கியிருந்தால் அது வேறு கதை. அதேபோல் குளோர்ஹெக்சிடினுக்கும் ஒவ்வாமை உண்டு, சில நேரம் உயிருக்கு ஆபத்தான அளவில். அதை யாரும் கேட்பதே இல்லை. இப்போது எங்கள் படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம்.

காயத்துக்கு உள்ளே

இங்கேதான் விஷயம் கனமாகிறது. உள்ளே கழுவ எங்கள் முன் இருந்தவை: வெறும் சலைன் (உப்புநீர்), நீர்த்த பெட்டாடின், நீர்த்த குளோர்ஹெக்சிடின், பெராக்சைடு, ஆன்டிபயாடிக் கலந்த சலைன். சாவ்லானை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது கருவி, தரை பக்கத்தோடு சரி.

முதலில் வெளியேற வேண்டியது பெராக்சைடு. நுரை பொங்கும்போது அழுக்கெல்லாம் வெளியே வருகிற மாதிரி மனதுக்கு இதமாக இருக்கும். நுரை என்பது ஆக்சிஜன் வாயு. 3 சதவீதக் கரைசல் ஒரு மில்லியிலிருந்து ஏறக்குறைய பத்து மில்லி ஆக்சிஜன் கிளம்பும். நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது இருபது வால்யூம், அதாவது இருபது மில்லி. முதுகெலும்பைச் செதுக்கிய இடத்தில் எலும்பின் ரத்தக்குழாய்கள் வாய் திறந்து கிடக்கின்றன. குப்புறப் படுக்க வைத்து, வயிறு தொங்கும்படி விட்டிருப்பதே அந்தச் சிரைகளில் அழுத்தம் குறையத்தான். அழுத்தம் குறைந்த குழாய் வாயுவை உள்ளே இழுக்கும். குமிழி இதயத்துக்குப் போனால் மேஜையிலேயே ஆள் போய்விடலாம். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் இதைப் பற்றித் தனியாக எச்சரிக்கை விட்டது. எங்கள் அசிஸ்டெண்ட் நல்ல மனிதர், "முப்பது வருஷமா ஊத்தறோம், ஒண்ணும் ஆகலையே" என்றார். ஆகும்வரை ஆகாதுதான், அண்ணா. முதுகு டிராலியிலிருந்து அந்த பாட்டிலை எடுத்துவிட்டேன்.

ஆன்டிபயாடிக் கலந்த சலைன் கழுவல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. அதில் நேரம் செலவிட வேண்டாம்.

நீர்த்த குளோர்ஹெக்சிடினை, 0.05 சதவீதத்தில், வெளிநாட்டில் தயார்நிலை பாட்டிலாக விற்கிறார்கள். நம்மிடம் இல்லாததால் சிலர் தாங்களே கலக்கப் பார்க்கிறார்கள். இதில் இரண்டு தடை. குளோர்ஹெக்சிடின் நரம்புத் திசுவுக்கு ஆகாது. மூளை உறை, தண்டுவட உறை பக்கம் போகக்கூடாது என்பது பழைய, உறுதியான விதி. முதுகெலும்புக்கு ஊசி போட்டு மரக்க வைப்பவர்களுக்கே தோலில் 0.5 சதவீதம் போதும், காய்ந்த பிறகே குத்த வேண்டும் என்று பிரிட்டன் மயக்கவியல் வழிகாட்டுதல் சொல்கிறது. இரண்டாவது தடை வேதியியல். குளோர்ஹெக்சிடினுக்கும் உப்புக்கும் ஆகாது. சலைனில் கலந்தால் குளோரைடோடு சேர்ந்து படிவாகலாம். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரில் கலந்தால் சொல்லவே வேண்டாம். சோப்பு மிச்சம் பட்டாலும் சக்தி போய்விடும். இத்தனை ஜாக்கிரதை வேண்டிய பொருளை இரவு பத்து மணிக்கு ஓர் அவசர கேஸில், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நர்ஸிடம் கலக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

மிச்சம் சலைனும் நீர்த்த பெட்டாடினும்.

சலைன் பற்றித் தாழ்வாக நினைக்க வேண்டாம். கழுவுவதன் பாதிப் பலன் ரத்தக்கட்டி, எலும்புத் தூள், செத்த சதைத் துணுக்கு வெளியே போவதில் இருக்கிறது. அதைச் சலைன் நன்றாகச் செய்யும். திறந்த எலும்பு முறிவுகளில் 2015-ல் வந்த 2447 பேர் ஆய்வில் சோப்புக் கரைசலால் கழுவியவர்களுக்கு மறு ஆபரேஷன் 14.8 சதவீதம், சலைனில் கழுவியவர்களுக்கு 11.6 சதவீதம். வேகமாகப் பீச்சினாலும் மெதுவாக ஊற்றினாலும் பலனில் மாற்றமில்லை என்றும் அதில் தெரிந்தது. பீச்சும் இயந்திரம் விற்க வந்த பிரதிநிதிக்கு இந்த வரியைத்தான் படித்துக் காட்டினேன்; டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சலைன் கிருமியைக் கொல்லாது. அங்கேதான் நீர்த்த பெட்டாடின் வருகிறது. தைவானில் 414 பேருக்கு முதுகுத்தண்டு ஆபரேஷனில் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு, ஒட்டுவதற்கான எலும்புத் துண்டுகளையும் ஸ்க்ரூவையும் வைப்பதற்கு முன் 0.35 சதவீதப் பொவிடோன் அயோடினைக் காயத்தில் நிரப்பி மூன்று நிமிடம் ஊறவிட்டு, பிறகு இரண்டு லிட்டர் சலைனால் கழுவினார்கள். இன்னொரு குழுவுக்கு இரண்டு லிட்டர் சலைன் மட்டும். அயோடின் பட்ட 208 பேரில் ஒருவருக்கும் தொற்று இல்லை. சலைன் மட்டும் பட்ட 206 பேரில் ஒருவருக்கு மேலோட்டமாகவும் ஆறு பேருக்கு ஆழத்திலும் தொற்று. அடுத்த வருடம் 244 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், எலும்பு ஒட்டுவதையோ காயம் ஆறுவதையோ அயோடின் கெடுக்கவில்லை என்று பார்த்தார்கள். ஏழுக்குப் பூஜ்யம் என்பது சின்ன எண்ணிக்கை. இன்னும் பெரிய ஆய்வில் இந்த இடைவெளி சுருங்கலாம். ஆனாலும் இவ்வளவு மலிவான பொருளுக்கு, இந்த ஆபரேஷனிலேயே செய்து பார்த்த இவ்வளவு நேரடிச் சான்று வேறெதற்கும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமும் தையலுக்கு முன் நீர்த்த அயோடின் கழுவலைப் பரிசீலிக்கலாம் என்கின்றன. 'பரிசீலிக்கலாம்' என்ற சொல்லை அவர்கள் யோசித்துத்தான் போட்டிருப்பார்கள்.

பலரும் கேட்பது: இவ்வளவு தண்ணீராக்கினால் வேலை செய்யுமா? பொவிடோன் என்பது அயோடினைப் பிடித்து வைத்திருக்கும் மூட்டை மாதிரி. கிருமியைக் கொல்வது மூட்டையை விட்டு வெளியே வந்த அயோடின். கெட்டியான 10 சதவீதத்தில் மூட்டைகள் நெருக்கியடித்துக் கிடப்பதால் அயோடின் வெளியே வருவது குறைவு. தண்ணீர் சேர்க்கச் சேர்க்க விடுபடுவது கூடிக்கொண்டே போய், சுமார் 0.1 சதவீதத்தில் உச்சம் தொடும். அதைத் தாண்டினால் இறங்கும். அதனால் நீர்த்தது நோஞ்சான் என்று நினைப்பது தப்பு. ஆனால் கையிருப்பு குறைவு. ரத்தமும் புரதமும் அந்த அயோடினைச் சீக்கிரம் தின்றுவிடும். குளம்போல ரத்தம் நிற்கும் காயத்தில் ஊற்றினால் பணம் தண்ணீரில் போன கதைதான். முதலில் சலைனால் அலசி, சக்‌ஷன் வைத்து உறிஞ்சி, பிறகு ஊற்ற வேண்டும். மூன்று நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். சர்ஜனின் மூன்று நிமிடம் பெரும்பாலும் நாற்பது விநாடி.

இனி கணக்கு. அரை லிட்டர் கலவைக்கு, 10 சதவீத பாட்டிலிலிருந்து 17.5 மில்லி எடுத்து மீதியைச் சலைனால் 500 வரை நிரப்பினால் 0.35 சதவீதம். நம் ஊரில் 5 சதவீத பாட்டிலும் அதே பழுப்பு நிறத்தில், அதே மூடியோடு, அலமாரியில் பக்கத்திலேயே நிற்கும். அதில் எடுத்தால் 35 மில்லி வேண்டும். 10 சதவீதத்தின் அளவை 5 சதவீத பாட்டிலில் எடுத்தால் பாதி வீரியம். 5 சதவீதத்தின் அளவை 10-ல் எடுத்தால் இரட்டிப்பு. இதைவிடப் பெரிய குழி ஒன்று உண்டு. சில கட்டுரைகளில் '3.5 சதவீத பெட்டாடின்' என்று எழுதியிருப்பார்கள். நூறு பங்கில் மூன்றரைப் பங்கு பெட்டாடின் பாட்டில் மருந்து என்று அர்த்தம். பொவிடோன் அயோடின் அளவில் அதுவே 0.35. இதைப் புரியாமல் 3.5 சதவீதப் பொவிடோன் அயோடின் என்று எடுத்துக்கொண்டால் பத்து மடங்கு கெட்டியாகிவிடும்.

இதையெல்லாம் மீறிக் கண்ணளவு என்று ஒன்று இருக்கிறது. சாம்பாருக்கு உப்புப் போடுகிற மாதிரி, நிறம் பார்த்து ஊற்றுவது. 'பால் விடாத லேசான டீ நிறம் வந்தா போதும் சிஸ்டர்' என்பார்கள். ஒருவருக்கு டீ நிறம், மலையிலிருந்து வருகிற எங்கள் நர்ஸுக்கு ஏற்காட்டுக் கடுங்காப்பி நிறம். இப்போது டிராலியில் அளவு போட்ட ஸ்டெரைல் சிரிஞ்ச் இல்லாமல் பெட்டாடின் கலக்கக்கூடாது என்று வைத்திருக்கிறேன்.

வேறொரு ஊரில் நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். காயம் கழுவ பெட்டாடின் கேட்டபோது அவசரத்தில் ஊற்றப்பட்டது 7.5 சதவீத ஸ்க்ரப். கை கழுவும் மருந்து அது, உள்ளே சோப்பு கலந்தது. ஊற்றியது நான் இல்லை. ஆனால் பாட்டிலை எடுத்து நீட்டியது நான்தான். காயத்தில் நுரை வந்ததும் சர்ஜன் நிமிர்ந்து பார்த்தார். நிறைய சலைன் விட்டுக் கழுவினார்கள், நல்லவேளையாக அது முழங்கால் பக்கத்துக் காயம். முதுகில் நடந்திருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு நான் இருக்கிற எந்த தியேட்டரிலும் ஸ்க்ரப் பாட்டில் கை கழுவும் தொட்டியைத் தாண்டி உள்ளே வராது.

பெட்டாடின் பாட்டிலுக்குள் கிருமி வளராது என்று நம்புவதும் தவறு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பொவிடோன் அயோடின் கரைசலிலேயே சூடோமோனாஸ் இனக் கிருமி ஒன்று உயிரோடு இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதனால் காயத்துக்குள் ஊற்ற அரை லிட்டர் பாட்டிலை வாரக்கணக்கில் திறந்து வைப்பதில்லை. சிறிய பாட்டில், கேஸுக்கு ஒன்று, மிச்சம் தொட்டியில். கணக்குப் பிள்ளைக்கு இது வீண் செலவாகத் தெரிகிறது. ஒரு முறை சீழ் பிடித்து நோயாளி திரும்பி வந்தால் ஆகும் செலவை அவரிடம் எழுதிக் காட்டினேன்.

டூரா கிழிந்தால் எல்லாம் நிற்கும். தண்டுவட நீர் கசிவது தெரிந்ததும் பெட்டாடின் கிண்ணம் மேஜையை விட்டு இறங்கிவிடும், சலைன் மட்டும். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அயோடின் உடம்பில் ஏறுவதை யோசித்து, டாக்டர் சொன்ன பிறகே.

வான்கோமைசின் தூள்

இது ஆன்டிபயாடிக், ஆன்டிசெப்டிக் இல்லை. ஆனாலும் சர்ஜன்கள் கேட்பதால் இங்கே சேர்க்கிறேன். தையலுக்கு முன் ஒரு கிராம் தூளைக் காயத்தில் தூவுவது. 2011-ல் அமெரிக்காவில் வந்த, பழைய பதிவுகளைப் பார்த்து எழுதிய ஆய்வில் தொற்று 2.6-லிருந்து 0.2 சதவீதமாகக் குறைந்தது என்றதும் உலகமே தூவ ஆரம்பித்தது. அதைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சரிபார்த்தவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் 907 பேரை இரண்டாகப் பிரித்து 2013-ல் வெளியிட்டார்கள். தூள் போட்டவர்களுக்கு 1.61 சதவீதம், போடாதவர்களுக்கு 1.68. பலனில்லை. எனக்கு இதில் பிடித்தது, தூள் போடாதவர்களுக்கும் இரண்டு சதவீதத்துக்குக் கீழே இருந்தது. தியேட்டர் ஒழுங்காக நடந்தால் தூவுவதற்கு மிச்சம் அதிகமில்லை. நீண்ட நேரக் கேஸ், விபத்துக் கேஸ் என்று சர்ஜன் விரும்பினால் அவர் சீட்டெழுதி வாங்கட்டும். பொது இண்டென்டில் நான் சேர்க்கவில்லை.

பாட்டிலைத் தவிர மற்றவையும் இருக்கின்றன. ஆனால் அதை இந்தப் பக்கத்தில் விரிக்கப் போவதில்லை: வெட்டுக்கு முன் ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, நான்கு மணி தாண்டினால் மறுபடி, முடியைச் சவரக்கத்தியால் மழிக்காமல் கிளிப்பரால் கத்தரிப்பது, சர்க்கரையை அடக்கி வைப்பது, நோயாளியைக் குளிரவிடாமல் இருப்பது, கதவு திறந்து திறந்து மூடாமல் இருப்பது. இடுப்புக்குக் கீழே தையல் போட்டவர்களுக்குக் கட்டு பிட்டப் பக்கம் அவிழ்ந்து மலம் படாமல் ஒட்டுவது நர்ஸ் வேலை, அதற்கு எந்த பாட்டிலும் உதவாது.

இன்னொன்று மட்டும். 2010-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு பிரசவத்தின்போது முதுகில் செலுத்த வேண்டிய சலைனுக்குப் பதில், பக்கத்துக் கிண்ணத்தில் இருந்த நிறமற்ற குளோர்ஹெக்சிடின் உள்ளே போய்விட்டது. இரண்டும் பார்க்கத் தண்ணீர் மாதிரி. அந்தப் பெண் தண்டுவடம் பாதிக்கப்பட்டு முடங்கிப்போனார். மேஜையில் எந்தக் கிண்ணமும் பெயர் இல்லாமல் இருக்கக்கூடாது என்று இதைச் சொல்லித்தான் என் பெண்களுக்குப் பாடம் எடுக்கிறேன்.

கடைசியில் பெரிய டாக்டரிடம் கொடுத்த தாளில் ஒன்றுக்குப் பதில் மூன்று இருந்தன. தோலுக்கு 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் ஆல்கஹாலோடு, நிறம் சேர்த்தது. உள்ளே கழுவ 10 சதவீதப் பொவிடோன் அயோடின் சிறு பாட்டில்கள். குழப்பம் வராமலிருக்க 5 சதவீதத்தை முதுகு டிராலிக்கு வாங்குவதையே நிறுத்தியாயிற்று. ஒரு லிட்டர் சலைன், கேஸுக்கு மூன்று. ஆல்கஹால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் தோலில் ஏற்கெனவே புண் இருப்பவர்களுக்கும் தண்ணீர்ப் பெட்டாடின் தோலுக்கே போகும், அதற்கு வேறு வாங்க வேண்டாம்.

பெரிய டாக்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார். பெராக்சைடு இல்லாததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கடைசி வரியில் மட்டும் விரலை வைத்தார்.

"ஆன்டிசெப்டிக் இண்டென்டுல ஸ்டெரைல் மார்க்கர் பேனா ஒரு டஜன் எதுக்கு சிஸ்டர்?"

"கிண்ணத்துல பேர் எழுத, சார்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.